கடன் கொப்பி கடையில், கைக்காசு நகரத்தில்: வலப்பனைத் தோட்டக் கடைகள் எதிர்கொள்ளும் மாற்றம்

வலப்பனைப் பிரதேசத்தில் கடை வைத்திருப்பவர்களுடன் பேசினால், "சனத்தின் ரசனை மாறிவிட்டது, இப்போது யாரும் எங்களிடம் வாங்குவதில்லை" என்ற பேச்சு நிச்சயம் வரும். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. இராகலை, உடப்புசல்லாவை, ஹைபொரஸ்ட் பக்கத்து லயங்களில் ரசனையைவிட அதிகம் மாறியிருப்பது காசு கைக்கு வரும் நாளும், அது செலவாகும் இடமும்தான்.

தோட்டக் கடையின் வியாபாரம் நீண்டகாலம் தோட்டத்தின் சம்பள நாளோடு கட்டப்பட்டிருந்தது. மாதம் ஒரு சம்பளம், இடையில் ஒரு முற்பணம். மற்ற நாட்களில் கொப்பியில் எழுதிச் சாமான் வாங்குவார்கள். மலையகத்தில் கடன் என்பது பழைய கதை. தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி அவரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய 'துண்டு' முறையை 1921இல்தான் சட்டம் ஒழித்தது. துண்டு போனது, கொப்பி நின்றது. ஆனாலும் கொப்பி வேறு வகை. சம்பளம் பிந்தினாலும் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

இன்று ஒரு லயத்து வீட்டுக்கு வருமானம் ஒரே வழியில் வருவதில்லை. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அரசாங்கம் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக்கி, வருகைக்கு 200 ரூபா சேர்த்து 1,750 ரூபா என அறிவித்தது. வேலை கிடைக்கும் நாட்களுக்குத்தான் இந்தக் கணக்கு. எனவே வீட்டில் ஒருவர் பெயர் போட்டு வேலை செய்ய, இன்னொருவர் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிறார் அல்லது மரக்கறித் தோட்டத்துக்குப் போகிறார். மகன் கொழும்பில் கடையொன்றில் நின்று தொலைபேசி வழியே காசு அனுப்புகிறான். சிலருடைய தாய் மத்திய கிழக்கில் இருக்கிறார். ஒன்று அன்றாடம் வரும் காசு, ஒன்று மாதக் காசு, ஒன்று எப்போது வருமென்று தெரியாத காசு. மாதச் சம்பளத்தை மட்டும் நம்பிக் கணக்கெழுதும் கடைக்காரருக்கு இதில் ஒரு பகுதிதான் கண்ணில் படுகிறது.

2022 இந்த மாற்றத்தை வேகப்படுத்தியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். மொத்த வியாபாரி கடைக்காரருக்குக் கடன் கொடுக்க மறுத்தார். கடைக்காரர் கொப்பியை மூடினார். கிலோவாகப் பருப்பு வாங்கியவர்கள் 100 கிராம் வாங்கினார்கள். விலையேற்றம் தணிந்த பிறகும் அந்தப் பழக்கம் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது. சிறு பொதியில் வாங்குபவருக்குக் கிலோ விலை எப்போதும் கூடத்தான் விழுகிறது. இல்லாதவர்தான் கூடுதலாகக் கொடுக்கிறார்.

காசு கையில் இருக்கும் நாளில் அதே குடும்பம் பஸ் ஏறி நுவரெலியா போகிறது. மலிவுக்காக மட்டுமா? சுப்பர் மார்க்கெட்டில் விலை ஒட்டப்பட்டிருக்கிறது, பற்றுச்சீட்டு தருகிறார்கள் என்பது ஒரு காரணம். "பழைய பாக்கி எவ்வளவு தெரியுமா?" என்று பத்துப் பேர் முன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். இளம் பெண்கள் பலர் இதை என்னிடம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆக, கைக்காசு நகரத்துக்குப் போக, கடன் தோட்டக் கடைக்கு மிஞ்சுகிறது. இப்படி எந்தக் கடை தாங்கும்?

விலைப்பட்டியலைத் தெரியும்படி வைப்பதும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கடைக்காரரின் கடமை. அதைச் செய்யச் செலவு ஒரு கரும்பலகையும் ஒரு சீட்டுப் புத்தகமும்தான். கொப்பிக்கு இரண்டு பிரதி வைத்து ஒன்றை வாடிக்கையாளரிடம் கொடுத்தால் பாதிச் சண்டை குறையும். பக்கத்துக் கடைகள் நான்கைந்து சேர்ந்து புறக்கோட்டையிலிருந்து அரிசி, சீனி, பருப்பு எடுத்தால் லொறிக் கூலியும் பங்காகும்.

ஆனால் நான் முக்கியமாகப் பார்ப்பது வேறொன்று. உடுப்பும் செருப்பும் தொலைபேசியில் பார்த்து வாங்கும் பழக்கம் லயங்களுக்கும் வந்துவிட்டது. தராஸ் செயலியில் முகவரி கேட்கிறது. லயத்துக்கு ஏது முகவரி? கடிதமே தோட்ட அலுவலகத்தைச் சுற்றி வரும் ஊர் இது. பொதி கொண்டுவருபவர் மேற்பிரிவுக்கு ஏறமாட்டார். பிரதான வீதியில் நின்று அழைப்பார், கொழுந்து மலையில் இருப்பவர் எடுக்காவிட்டால் பொதி திரும்பிவிடும். அந்தப் பொதியைப் பெற்று, பத்திரமாக வைத்து, மாலையில் கொடுக்கக் கூடிய இடம் கடைதான். பொதி எடுக்க வருபவர் ஒரு இறாத்தல் பாணும் வாங்குவார். வட்ஸ்அப்பில் தமிழில் பட்டியல் அனுப்பச் சொல்லி, முச்சக்கரவண்டியில் மேல் லயத்துக்குச் சாமான் ஏற்றுவதும் நகரத்துப் பெரிய கடை செய்யாத வேலை.

வன்னி வாசகர்களுக்கு இது கேட்ட கதையாக இருக்கலாம். 2009க்குப் பின் ஏ9 வீதி திறந்தபோது, இடிந்த கடையைத் திருத்தக் காசில்லாத உள்ளூர் வியாபாரிக்கு முன்பே லீசிங் நிறுவனங்களும் தெற்கிலிருந்து நடமாடும் வியாபாரிகளும் வந்து சேர்ந்தார்கள். 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து போய் அங்கு குடியேறியவர்களும் அதைப் பார்த்தவர்கள்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகள் நுவரெலியா மாவட்டத்தின் வீதிகளை அடைத்தபோது நகரத்துக்குப் போக வழியில்லை. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் மூடிய கொப்பியை அந்த வாரம் மறுபடி திறந்தார். பின்னர் நிவாரணப் பொதிகள் வெளியூர்களிலிருந்து லொறிகளில் வந்தன. அதே அரிசியையும் மாவையும் அந்தக் கடைகளிலேயே வாங்கிப் பகிர்ந்திருந்தால், அவர் மொத்த வியாபாரியின் பாக்கியைக் கட்டியிருப்பார்.