இனி இந்த உடம்பு நமக்காக

நாற்பதைத் தாண்டிய பெண்கள் நடைப்பயிற்சி போவதை நம் ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. மலாக்கா மாநிலத்தின் ரெம்பியாவில் வெயில் தாழ்ந்ததும் தாமான் குடியிருப்புச் சாலைகளில் சப்பாத்து மாட்டிக்கொண்டு இரண்டு இரண்டு பேராக நடக்கிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அதே பெண் திடலில் கம்பியைப் பிடித்துத் தொங்கினாலோ, பாய் விரித்துக் குட்டிக்கரணம் போட்டாலோ, "இந்த வயசுல இதெல்லாம் தேவையாக்கா?" என்று கேட்டுவிடுகிறார்கள். தேவைதான் என்று சொல்லவே இந்த வாரம் எழுதுகிறேன்.

இடைநிலைப் பள்ளியில் ஜிம்னாஸ்டிக் பழகியவள் நான். வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று வந்ததும் அது தானாக நின்றுபோனது. ஐம்பதை நெருங்கும் இந்த வயதில் மறுபடியும் தொடங்கியிருக்கிறேன். தொலைக்காட்சியில் பார்க்கிற அந்தரப் பல்டி எதுவும் என் கணக்கில் இல்லை. ஜிம்னாஸ்டிக்கின் அடிப்படை மிக எளியது: தன் எடையைத் தன் கைகளால் தாங்குவது, தொங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, உருள்வது, முட்டியை மடக்கி மெத்தென்று தரையிறங்குவது. நடுவயதில் உடம்பு ஒவ்வொன்றாகக் கைவிடுவதும் இவற்றைத்தான். முப்பதுக்கு மேல் தசை மெல்லக் கரையத் தொடங்குகிறது. நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. ஆனால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அதனால் பெரிய பலம் கிடைப்பதில்லை. வாரத்தில் 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரைப் பத்து வினாடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அப்படி நிற்க முடியாதவர்களிடையே அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு கூடுதலாக இருந்தது என்று 2022இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. வயதையும் நோய்களையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. சமநிலை என்பது முதுமையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடும் விஷயமே இல்லை.

திரும்பிவருகிறவர்கள் அவசரப்படக் கூடாது. தசை சீக்கிரம் பழகிவிடும். தசைநாண்களுக்கு அதைவிட அதிக காலம் வேண்டும். முதலில் முணுமுணுப்பது மணிக்கட்டு. முட்டி போட்டு உள்ளங்கைகளைத் தரையில் பதித்து, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்த்துப் பழக்க வேண்டும். குட்டிக்கரணத்துக்கு முன் பல வாரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு முதுகில் முன்னும் பின்னும் ஆடினாலே போதும். பிறகு குந்தி உட்கார்ந்து, கைகளை ஊன்றி, தாடையை நெஞ்சோடு ஒட்டி, இடுப்பை உயர்த்த வேண்டும். கழுத்தில் எடை விழாமல் தோளின் பின்புறம் பாயைத் தொட வேண்டும். அது சரியாக அமைந்துவிட்டால் முதுகெலும்பு கண்ணி கண்ணியாகத் தரையில் படிந்து எழுவது தெரியும். உயர் இரத்த அழுத்தமோ, நீரிழிவால் வந்த கண் பாதிப்போ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தலைகீழாகும் எதையும் செய்யக் கூடாது. அவர்களுக்கு ஒற்றைக்கால் நிலை இருக்கிறது.

வயது தடையில்லை என்பதற்குச் சிலர் சாட்சி. உஸ்பெக்கிஸ்தானில் 1975இல் பிறந்த ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஒக்சானா சுசோவிதினா 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அணித் தங்கம் வென்றவர். 2002இல் அவருடைய மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்காக ஜெர்மனி போனார். மருத்துவச் செலவுக்குப் போட்டிப் பரிசுப் பணம் தேவைப்பட்டது, தாவினார். பிள்ளை குணமான பிறகும் விடவில்லை. 2008 பெய்ஜிங்கில் 33 வயதில் வெள்ளி. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் 46 வயதில் களம் இறங்கினார். அது அவருடைய எட்டாவது ஒலிம்பிக். பிள்ளைக்காகத் தாவியவர், பிறகு தனக்காகத் தாவினார். ஜெர்மனியின் யொஹானா குவாஸ் ஐம்பது வயதுக்கு மேல் போட்டிக் களத்துக்குத் திரும்பினார். 2012இல் 86 வயதில் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார். நம்மவர் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் நானம்மாள் பாட்டி இருந்தார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர், 99 வயதில் மறையும்வரை யோகாசனத்தை விடவில்லை.

அவர்களெல்லாம் எங்கேயோ இருப்பவர்கள், நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் தான் சாய் யான் என்பவர் இந்நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்டார். அதன் பிறகு இந்த மாநிலத்தின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தது தமிழ் உடம்பு. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, மர நிரைக்குப் போய், கீழ்வெட்டுக்குக் குனிந்து, மேல்வெட்டுக்கு நிமிர்ந்து, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் ஏற்றி ஸ்டோருக்கு நடந்தார் என் பாட்டி. வலது தோளில் அந்தக் கம்பு பதித்த காய்ப்பைக் கடைசிவரை தடவிக்கொண்டே இருந்தார். அந்த உழைப்பை உடற்பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே தோள், ஒரே குனிவு, போதிய ஓய்வில்லை. பலன் முழுவதும் தோட்டத்துக்கு.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நாம் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கும் தொழிற்சாலைக்கும் வந்தோம். உழைப்பு போன இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. சோறும் இனிப்புத் தேநீரும் மட்டும் அப்படியே தொடர்ந்தன. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பத்துப் பேரில் மூவர். உணவு, மரபு, வருமானம் என்று காரணங்கள் பல உண்டு. நம் கைக்கு எட்டுகிற காரணம் அசையாத உடம்பு.

ஆகவே ஒரு வேண்டுகோள். மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. உடற்கல்விப் பாடத்தில் அடிப்படை ஜிம்னாஸ்டிக் இருப்பதால் பிள்ளைகள் உருளும் மெத்தை பல பள்ளிகளில் இருக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் வாரத்தில் ஒரு மாலை மண்டபத்தைப் பெற்றோருக்குத் திறந்துவிடட்டும். உடற்கல்வி தெரிந்த ஆசிரியர் ஒருவர் கூட நிற்கட்டும். அம்மாக்கள் கூச்சமில்லாமல் தொங்கவும் உருளவும் நான்கு சுவர் கிடைத்தால் போதும், கேட்பவர் வாய் தானாக அடங்கிவிடும்.

நம் பாட்டிமார் உடம்பைத் தோட்டம் எடுத்துக்கொண்டது. நம் அம்மாக்கள் தங்கள் உடம்பைக் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். தனக்கென்று வாரத்தில் சில மணி நேரம் உடம்பைப் பழக்கும் வாய்ப்பு நம் தலைமுறைப் பெண்களுக்குத்தான் முதன்முதலில் வாய்த்திருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.