குப்பைக்கு தீ வைத்தால் ரூ.5 ஆயிரம் அபராதம்! வசூலிப்பது யார்?

சென்னை:
தெருக்கோடியில் சருகைக் கூட்டி, தீக்குச்சி கிழிச்சுப் போடுறது குற்றம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

2016-ம் ஆண்டு வந்த திடக்கழிவு விதிகள் திறந்தவெளியில் குப்பை எரிக்கத் தடை போட்டன. அந்த டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அபராதமும் நிர்ணயித்தது. சும்மா எரித்தால் 5 ஆயிரம் ரூபாய். மொத்தமாகக் குவித்து எரித்தால் 25 ஆயிரம்!

ஆனால் தீ வைப்பது விடியற்காலையில். அதிகாரி வரும்போது மிச்சம் சாம்பல்தான். அடுத்த வீட்டுக்காரரை யார் காட்டிக் கொடுப்பார்?

2018 போகியன்று புகையில் ஓடுபாதை தெரியாமல், சென்னைக்கு வந்த விமானங்களையே வேறு ஊருக்குத் திருப்பி விட்டார்கள். பின்னாளில் போகிக்கு முன்பே பழைய டயர், துணிகளை வாங்கிக்கொள்ள மாநகராட்சி ஏற்பாடு செய்தது. அபராதத்தைவிட இதுதான் உருப்படியான வேலை. குப்பை வண்டி நுழையாத சந்தில் ஜனங்கள் தீ வைக்கத்தான் செய்வார்கள்.

இன்னொரு சங்கதி. 2022 ஏப்ரலில் பெருங்குடியில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கே பற்றி எரிந்தது. குப்பை மக்கி உள்ளே மீத்தேன் வாயு சேர்ந்திருக்கும். மேலே தண்ணீர் அடித்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். நாள் கணக்கில் புகைந்தது. 'எங்க வீட்டுச் சருகுதான் கண்ணை உறுத்துதா?' என்று ஜனங்கள் கேட்டால் என்ன பதில்?

அதற்காக டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தலாம் என்றில்லை. அந்தப் புகை முதலில் நுழைவது கொளுத்தியவர் வீட்டில்தான். சருகுத் தீ கீற்றுக் கொட்டகைக்கோ, நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளுக்கோ தாவினால், வேடிக்கை பார்க்காமல் உடனே 101-க்கு போன் போடுங்கள்.