குசுத் தீவின் அமைதி

சிங்கப்பூர் நண்பர்களிடம் ஒருநாள் ஓய்வுக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் பலரும் குசுத் தீவைச் சொல்கிறார்கள். ஏன் என்றால் ஒரே சொல்தான் பதில்: அமைதி. அது உண்மையும்கூட. ஆனால் அந்த அமைதி எப்படி வந்தது என்ற கேள்வியை யாரும் எழுப்புவதாகத் தெரியவில்லை.

மெரினா சவுத் படகுத்துறையில் ஏறி, அதிக நேரமாகுமுன்பே இறங்கிவிடலாம். தலைநிலத்துக்குத் தெற்கே 5.6 கிலோமீட்டர் தொலைவு. 1975-இல் கடலைத் தூர்த்து விரிவாக்கும்வரை 1.2 ஹெக்டேர் மட்டுமே இருந்த திட்டு, இன்று 8.5 ஹெக்டேர். குசு என்பது ஹொக்கியன் மொழியில் ஆமையைக் குறிக்கும். கப்பலுடைந்து தத்தளித்த மலாய்க்காரர் ஒருவரையும் சீனர் ஒருவரையும் காப்பாற்ற ஆமை ஒன்று தீவாக மாறியதாம். ஆமையின் முதுகில் மந்தர மலையையே ஏற்றிவைத்த மரபில் வந்த நமக்கு இதை நம்புவது அப்படியொன்றும் கடினமல்ல.

கரையோரம் 1923-இல் ஒரு வணிகர் கட்டிய தூவா பெக் கோங் ஆலயம் இருக்கிறது. செழிப்பை அருளும் அத்தெய்வத்தோடு கருணைத் தெய்வமான குவான் யின்னும் அங்கு உண்டு. எதிரே குன்று. 152 படிகள் ஏறினால் சையது அப்துல் ரஹ்மான், அவருடைய அன்னை, சகோதரி ஆகிய மூவரின் பெயரால் அமைந்த கெராமாட்டுகள். தமிழ் முஸ்லிம்கள் இறைநேசர்களின் அற்புதங்களைக் குறிக்க வழங்கும் ‘கராமத்து’ என்பதும் இதுவும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தவையே. கீழே ஊதுவத்தி ஏற்றிய சீனர்கள் மேலே ஏறிச்சென்று பிள்ளை வரம் கேட்பார்கள். அவர்கள் யாரென்று எவரும் விசாரிப்பதில்லை. நாகூருக்குப் போய்வந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

நாங்கள் சென்றது ஒரு வாரநாளில். குளத்து ஆமைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. கொண்டுபோன புளிசாதத்தை மரநிழலில் பிரித்து உண்டோம். தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள். திரும்பிப் பார்த்தால் நகரத்தின் வானளாவிகள். பேச்சு தானாகவே தணிந்தது. இப்படியொரு பகற்பொழுது எளிதில் வாய்ப்பதல்ல.

ஆனால் இந்த இடம் அமைதிக்காக உருவானதல்ல. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், ஏறக்குறைய நம் புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி, யாத்திரிகர் திரளுவதற்கென்றே இது இருக்கிறது. அந்தக் கூட்டம் கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் குறைந்துவிட்டது. முதியவர்கள் வருகிறார்கள், பிள்ளைகள் அவர்களைப் படகேற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 2022 ஏப்ரலில் குன்றின்மேல் தீப்பிடித்து மூன்று கெராமாட்டுகளும் கடும் சேதமடைந்தன. நாம் ரசிக்கும் நிசப்தத்தில் இவையெல்லாமும் கலந்திருக்கின்றன. பக்கத்துச் செயின்ட் ஜான்ஸ் தீவும் இன்று அமைதியானதுதான். 1874 முதல் நோய்த்தடுப்பு முகாமாக இருந்து, கப்பலில் வந்த எத்தனையோ தமிழரைத் தடுத்துவைத்த தீவு அது.

இத்தகைய இடங்களைக் காப்பது என்றால் உடனே கண்ணாடிப் பெட்டியும் விளக்கப் பலகையும் நினைவுக்கு வருகின்றன. தெலுக் ஆயர் தெருவில் சூலியா முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழுப்பிய நாகூர் தர்கா, 2011-இல் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. கட்டடம் பிழைத்தது, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆயினும் நேர்ந்துகொள்ள ஒரு இடத்துக்குப் போவதும் தெரிந்துகொள்ளப் போவதும் ஒன்றாகிவிடுமா? குசுவின் கெராமாட்டுகளில் அடங்கியிருப்பவர்கள் யார், எப்போது வாழ்ந்தார்கள் என்று ஆவணம் தேடுவது ஆய்வாளர்களின் வேலை. அந்த ஆவணத்தைக் காட்டினால்தான் படியேறலாம் என்ற நிலை மட்டும் வரவேண்டாம்.

இரவில் தங்க அனுமதியில்லாத தீவு இது. வருகிறவர்களைத் தவிர அதற்கு வேறு துணையும் இல்லை. ஆகவே ஓய்வுதேடிப் போகும் நண்பர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: ஒருமுறையாவது அந்த ஒன்பதாம் மாதத்தில் செல்லுங்கள். படகில் இடித்துக்கொண்டு நிற்க நேரும், ஊதுவத்திப் புகையில் கண் எரியும், புளிசாதத்துக்கு மரநிழல் கிடைக்காது. யாராவது ஒரு சீனப் பாட்டி உங்கள் கையிலும் இரண்டு ஊதுவத்திகளைத் திணிக்கக்கூடும்.