உங்க ஃபர்னஸுக்கு வயசாச்சு சார்!

டிசம்பர் வந்தாச்சுன்னா டொராண்டோ பக்கத்துல ரெண்டு விஷயம் நிச்சயம். ஒண்ணு பனி. இன்னொண்ணு, "உங்க ஃபர்னஸுக்கு வயசாச்சு சார், மாத்திடுங்க"ன்னு சொல்ல ஒருத்தர் வந்துடுவார்.

ஊர்ல இருக்கற வலைமக்களுக்கு மட்டும் சின்ன விளக்கம். (மற்றவங்க ஸ்க்ரோல் பண்ணிடுங்க.) ஃபர்னஸ்ங்கறது பேஸ்மென்ட்ல நிக்கற பீரோ சைஸ் இரும்புப் பெட்டி. உள்ள கேஸ் எரியும். அந்தச் சூடு ஹீட் எக்ஸ்சேஞ்சர்ங்கற தகடு வழியா காத்துக்கு ஏறும். ஒரு பெரிய விசிறி அந்தக் காத்தை வீடு முழுக்கத் தள்ளும். புகை தனி வழியில வெளிய போயிடும். மைனஸ் இருபதுல இந்தப் பெட்டி நின்னு போனா தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிக்கும். அந்த பயம்தான் இங்க சிலருக்கு மூலதனம்.

அவங்க கையில வச்சிருக்கற ஆயுதம் "ஐயாயிரம் விதி". ஃபர்னஸோட வயசை ரிப்பேர் செலவால பெருக்கணுமாம். 5000க்கு மேல போனா புதுசு வாங்கணுமாம். கேக்க என்னவோ விஞ்ஞானம் மாதிரிதான் இருக்கு. போட்டுப் பாருங்க. 20 வயசு மெஷின், 260 டாலர் ரிப்பேர். பெருக்கினா 5200. அதாவது 260 டாலர் செலவைத் தவிர்க்க 5500 டாலர் செலவு பண்ணுங்கன்னு அர்த்தம். வருஷத்தை டாலரால பெருக்கினா வர்ற விடைக்கு என்ன அலகுன்னு யாராச்சும் சொல்லுங்கப்பா. எங்க எட்டாம் கிளாஸ் கணக்கு வாத்தியார் இருந்திருந்தா காதைத் திருகியிருப்பார்.

என் வீட்டுக் கதை இது. 2005ல கட்டின டவுன்ஹவுஸ், அதே வயசு ஃபர்னஸ். ஒரு ஜனவரியில பத்த வச்சா அஞ்சு செகண்டு எரியும், டப்புனு அணையும். மூணு தடவை முயற்சி பண்ணிட்டு பூட்டிக்கும். வந்தவர் மூடியைக் கழட்டி எட்டிப் பார்த்தார். "போர்டு போயிருக்கலாம், 700 ஆகும், இந்த வயசு மெஷின்ல காசு போடறது வீண்"னு சொல்லி புது மெஷினுக்கு கொட்டேஷன் எழுத ஆரம்பிச்சுட்டார். மீட்டரைக் கையில எடுக்கவே இல்லை! அவரை அனுப்பிட்டு தனியா தொழில் பண்ற இன்னொரு லைசென்ஸ் டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். அவர் ஃப்ளேம் சென்சரைக் கழட்டினார். பென்சில் சைஸ்ல ஒரு கம்பி. தீயில நிக்கும்போது அது வழியா மைக்ரோ ஆம்ப் கணக்குல துளி மின்சாரம் ஓடும். அது ஓடினாத்தான் போர்டு "தீ எரியுது"ன்னு நம்பும். கம்பி மேல படலம் படிஞ்சா தீ எரிஞ்சாலும் எரியலைன்னு நினைச்சு கேஸை மூடிடும். அவர் கம்பியைத் தேய்ச்சு மாட்டினார், மைக்ரோ ஆம்பை அளந்து காட்டினார், 140 டாலர் வாங்கிட்டுப் போனார். மொத்தம் இருபது நிமிஷம்.

சரி, அடுத்த அம்பு: "புதுசு 96 சதவீதம் எஃபிஷியன்ட் சார், கேஸ் பில் மிச்சம்." இது பொய் இல்லை. ஆனா பாதிக் கணக்கு. என்னுது 80 சதவீதம். 80ல இருந்து 96க்குப் போனா எரியற கேஸ் ஆறுல ஒரு பங்கு குறையும். சூடேத்த வருஷத்துக்கு 1000 டாலர்னு வச்சுக்குவோம், மிச்சம் 167 டாலர். 5500 டாலர் மெஷின் அந்தக் காசைத் திருப்பித் தர 33 வருஷம். அது அவ்வளவு நாள் உயிரோட இருக்குமா? உங்க பழசே 92 சதவீதம்னா மிச்சம் வருஷத்துக்கு 42 டாலர்தான். 130 வருஷம் ஆகும், பேரனோட பேரன் வந்து கணக்கை முடிப்பான் :-)

கார்பன் வரியைச் சொல்லியும் பயமுறுத்தினாங்க. கடைசி வருஷத்துல கேஸ் மேல கன மீட்டருக்கு 15.25 சென்ட் இருந்தது நிஜம். 2025 ஏப்ரல் 1ல அதையும் எடுத்தாச்சு.

இன்னொரு சமாச்சாரத்தை விக்க வர்றவர் தானா சொல்லவே மாட்டார். 80 சதவீத மெஷின் சூடான புகையை சிம்னி வழியா அனுப்பும். 96 சதவீதம், புகையில இருக்கற நீராவியையும் குளிர வச்சு அந்தச் சூட்டையும் பிடுங்கிக்கும். அதனால புகை பிளாஸ்டிக் குழாயில சுவர் வழியா வெளிய போகும், வடியற தண்ணிக்கு தனியா டிரெயின் வேணும். அப்ப சிம்னியில வாட்டர் ஹீட்டர் மட்டும் அநாதையா நிக்கும். அவ்ளோ பெரிய சிம்னிக்கு அது விடற புகை பத்தாது. உள்ளயே குளிர்ந்து தண்ணியாகும், சில நேரம் புகை வீட்டுக்குள்ளயே திரும்பும். அதுக்கு லைனர் போடணும். இந்தச் செலவு கொட்டேஷன்ல இருக்கான்னு கேளுங்க, முகத்தைப் பாருங்க.

நான் பழசைக் கட்டிக்கிட்டு அழுங்கன்னு சொல்லலை. ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல விரிசல் நிஜமா இருந்தா பேச்சே கிடையாது, அணைச்சிடுங்க. கார்பன் மோனாக்சைடு விளையாட்டு இல்லை. (அலாரம் இருக்குல்ல? ஒன்டாரியோவுல 2014ல இருந்தே சட்டப்படி கட்டாயம்.) ஆனா விரிசல்னு வாய்வார்த்தையா சொன்னா ஒத்துக்காதீங்க. கேமரா விட்டுப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்க. சீரியல் நம்பரை வச்சு வாரன்டி பாருங்க, பல கம்பெனிகள் அந்தத் தகட்டுக்கு மட்டும் 20 வருஷம், அதுக்கு மேலயும் தர்றாங்க. வாரன்டி முடிஞ்சு தகடு போச்சுன்னா புதுசுதான். சென்சர், இக்னைட்டர், கெபாசிட்டர் எல்லாம் எந்த வயசு மெஷினுக்கும் மாத்தலாம். நடுவுல இருக்கற போர்டு, புகை விசிறி, பெரிய மோட்டார் இதுக்கெல்லாம்தான் ரெண்டு பேர்கிட்ட விலை கேட்டு யோசிக்கணும். மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டா அதை மே மாசத்துல பண்ணுங்க. ஜனவரி ராத்திரியில நடுங்கிக்கிட்டு பேரம் பேச முடியாது.

எனக்கு நிஜமா கோபம் வர்றது இதுக்கு மேலதான். வாடகை ஃபர்னஸ்.

ஸ்கார்பரோவுல எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், தனியா இருக்கார். வாசல்ல வந்தவன் "காசு ஒண்ணும் வேண்டாம், மாசம் நூறு"ன்னு சொல்லி டேப்லெட்ல கையெழுத்து வாங்கிட்டான். நல்லா ஓடிக்கிட்டிருந்த பழசைக் கழட்டி எடுத்துக்கிட்டும் போயிட்டான். மாசம் நூறு, பத்து வருஷம், 12,000 டாலர். வருஷா வருஷம் ஏத்தறது தனி. 2022ல வீட்டை விக்கப் போனப்பதான் பத்திரத்துலயே அந்தக் கம்பெனி பேர் பதிவாகியிருக்கறது தெரிஞ்சுது. விடுவிக்க அவங்க கேட்டது மெஷின் விலையைப் போல ரெண்டு மடங்கு. அக்கா என்கிட்ட சொன்னது: "தம்பி, நான் கையெழுத்து வச்சது மெசினுக்கு. வீட்டுக்கு இல்லை."

வாசல்ல வந்து ஃபர்னஸ் விக்கறதை ஒன்டாரியோ 2018 மார்ச் 1லயே தடை பண்ணிடுச்சு. அக்கா கையெழுத்து போட்டது அதுக்கு முந்தின வருஷம். பத்திரத்துல பதியற வேலையை 2024 ஜூன்லதான் ஒழிச்சாங்க. அதுவும் பதிவுதான் செல்லாது, ஒப்பந்தம் செல்லும், மாசாமாசம் காசு கட்டியே ஆகணும். அக்காவுக்கு எதுவும் உதவலை, அதுக்குள்ள காசு கட்டி வீட்டை வித்தாச்சு.

"படிச்சுப் பார்த்துக் கையெழுத்து போட்டிருக்கணும்"னு சொல்ற புத்திசாலிகளுக்கு ஒரு கேள்வி. நாப்பது பக்க இங்கிலீஷ் ஒப்பந்தத்தை வாசல்ல நின்னுக்கிட்டு டேப்லெட்ல நீங்க எப்ப கடைசியா படிச்சீங்க? அதைவிடக் கொடுமை, வந்தவன் தமிழ்ல பேசினான். "அக்கா, எங்கட ஆக்கள்"னு ஆரம்பிச்சானாம். நம்ம மொழி தெரிஞ்சவன்னு கதவைத் திறந்து, தேத்தண்ணி குடுத்து உக்கார வச்சிருக்கார்.

இப்ப வாசலுக்கு வர முடியாதுன்னு போன்ல வர்றாங்க. "இலவச இன்ஸ்பெக்ஷன்"னு பேர். உங்க வீட்டுல அம்மா அப்பா தனியா இருந்தா ஃபர்னஸ் கதவுலயே உங்க போன் நம்பரை எழுதி ஒட்டிடுங்க. நான் அக்காவோட புது அபார்ட்மென்ட்லயும் ஒட்டப் போனேன். அங்க ஃபர்னஸே இல்லை, ரேடியேட்டர். "இதையும் ஆரும் வந்து கழட்டுவினமோ?"ன்னு கேட்டார்.

டிஸ்கி: நான் டெக்னீஷியன் இல்லை. கேஸ் வாசனை வந்தா இந்தப் பதிவைத் தேடாதீங்க. வீட்டை விட்டு வெளிய போய் கேஸ் கம்பெனிக்கு போன் பண்ணுங்க.