மேல்பூச்சு மோகம்

வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமாகிவிட்டால், எங்கள் பக்கத்தில் புரோகிதருக்கு முன்னால் கொத்தனாருக்குத்தான் ஆள் போகிறது. பத்திரிகை அடிப்பதற்குள் தரையைச் "சரி பண்ணி"விட வேண்டும். சரி பண்ணுவது என்றால் என்ன என்று விசாரித்துப் பார்த்தேன். பழைய தரை கண்ணில் படாமல் போய்விட வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். முற்றத்துச் சிமிண்டுத் தளம் தேய்ந்து ஜல்லி பல்லை இளிக்கிறதா? ஒரு மூட்டை சிமிண்டைக் குழைத்து மேலே ஓர் இழுப்பு இழுத்துவிடு. கையில் இன்னும் கொஞ்சம் பணம் புரள்கிறதா? அதன் தலையில் டைல்ஸைப் பதித்துவிடு. சம்பந்தி வீட்டார் மெச்சிக்கொண்டு போவார்கள். அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு பூச்சு அப்பளம் மாதிரி எழும்பும். டைல்ஸ் காலடியில் 'பொக்'கென்று பேசும். அதற்குள் சம்பந்தி வீட்டார் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அந்தத் தரையில் நடக்கப் போகிறவர்கள் நாம்தானே!

இந்த மேல்பூச்சு மோகத்தைக் கண்டிக்கத்தான் இதை எழுதுகிறேன். கதை எழுதுகிறவனுக்குத் தரையைப் பற்றி என்ன பேச்சு என்று சில நண்பர்கள் கேட்கலாம். என் கதைகளைப் படிக்கிறவர்கள் யாரும் ஆகாயத்தில் நடக்கிறவர்கள் அல்ல என்பதே என் பதில்.

என் பெரியம்மாவுக்கு விருத்தாசலத்தில் வீடு. பெரியப்பா இருந்த காலத்தில் கட்டியது. கிணற்றடியில் ஒரு சிமிண்டுத் தளம். பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது, குளிப்பது எல்லாம் அதன்மேல்தான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூர்ச் சீமையைச் சூறையாடிய தானே புயலில் கொல்லைத் தென்னை ஒன்று அதன்மேல் சாய்ந்தது. தளம் ஒரு மூலையில் கீறிக்கொண்டது. மறு மாதமே ஒரு பூச்சுப் பூசினார்கள். 2015ஆம் வருஷத்து மழைக்குப் பிறகு அது பொருக்குப் பொருக்காகக் கிளம்பவே, இன்னொரு பூச்சு. அதுவும் நாலு வருஷம் தாக்குப் பிடிக்கவில்லை. பேத்தியின் கல்யாணத்தை முன்னிட்டு மூன்றாம் தடவையாக டைல்ஸே போட்டுவிட்டார்கள். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அத்தனை பளபளப்பு! கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. நாற்பதாம் நாள் காலையில், சோப்புத் தண்ணீர் சிந்தியிருந்த அந்தக் கண்ணாடியின் மேல் பெரியம்மா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழுபத்தாறு வயசு. எட்டு மாதம் கட்டிலோடு கிடந்தார்.

"பார்த்து நடக்கக் கூடாதா?" என்று எல்லோரும் அவரையே கேட்டார்கள். ஐம்பது வருஷம் அதே கிணற்றடியில் புழங்கின கால்களுக்கா பார்த்து நடக்கத் தெரியாது?

அந்த டைல்ஸைப் பெயர்த்தபோது நான் கூட இருந்தேன். மேலே டைல்ஸ், அதன் கீழே பசை, அதன் கீழே இரண்டாம் பூச்சு, அதன் கீழே முதற் பூச்சு, கடைசியில் பெரியப்பா போட்ட தளம். ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் காய்ந்த பாசியும் சோப்புப் பிசுக்கும் தூசியும். எதுவும் எதோடும் ஒட்டவில்லை. ஒன்றின்மேல் ஒன்று சும்மா படுத்திருந்தது. கையால் எடுத்தாலே வந்தது. அடியிலிருந்த மூலத் தளமோ முக்கால்வாசி இரும்பு மாதிரி இருந்தது. கீறியிருந்த மூலையில் மட்டும், ஜலதாரைக் குழாய் உடைந்து, கசிந்த தண்ணீர் அடி மண்ணை அரித்துப் பள்ளமாக்கியிருந்தது. ஒரு முழம் குழாயை மாற்றியிருந்தால் தீர்ந்துபோயிருக்கும் வியாதி. அதற்கு மூன்று தடவை முகத்தில் பவுடர் பூசியிருக்கிறோம்!

பெயர்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் நான் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். "ஏன் மேஸ்திரி, இப்படிப் பூசினால் நிற்காது என்று உங்கள் ஆட்களுக்குத் தெரியாதா?"

அவர் கரணையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தெரியாம என்னங்க ஐயா? பழசக் கொத்திவுட்டு, கழுவி, ஒரு நா ஊற வெச்சு, சிமிட்டிப் பால் அடிச்சு, அது காயறதுக்குள்ள புதுசப் போடணும். அப்பறம் ஏழு நாளாச்சும் சாக்கப் போட்டுத் தண்ணி வுடணும். கொத்துற கூலிய எந்த வூட்டுல குடுக்குறாங்க? சதுர அடிக்கு இவ்ளோன்னு பேசுறாங்க. மினுக்கறதுக்குத்தான் காசு."

என் கோபம் அப்படியே திரும்பி என்மேல் பாய்ந்தது. குற்றவாளி கொத்தனார் அல்ல. பளபளப்பை மட்டும் அளந்து பணம் கொடுக்கிற நாம்தான்.

அதுவும் எந்த ஊரில் இது நடக்கிறது என்று நினைக்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. விருத்தாசலம் பீங்கான் ஊர். மின்சாரச் சாமான்களும் பொம்மைகளும் வேகிற சூளைகள் நிறைந்த தொழிற்பேட்டை இங்கே இருக்கிறது. இந்தத் தொழிலின் நுட்பத்தைக் கற்றுத் தர அரசாங்கமே ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டும்போது வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. இந்த ஊர்ச் சூளைக்காரர் யாரையாவது கேளுங்கள். களிமண் உடம்பின் மேல் பூசுகிற மெருகு, அதாவது அவர்கள் 'கிளேஸ்' என்கிறார்களே அது, உடம்போடு ஒத்துப்போக வேண்டும் என்பார். சூளையிலிருந்து இறங்கி ஆறும்போது உடம்பும் சுருங்கும், மெருகும் சுருங்கும். உடம்பைவிட மெருகு அதிகமாகச் சுருங்கினால் மேலெல்லாம் மயிரிழை வெடிப்பு. உடம்பு அதிகமாகச் சுருங்கினால் மெருகு சில்லுச் சில்லாகத் தெறித்துவிடும். உடம்பைத் தெரிந்துகொள்ளாமல் மெருகு கலக்கிறவனுக்கு இந்தத் தொழிலில் சோறு கிடைக்காது.

தரை விஷயமும் அட்சரம் பிசகாமல் இதுதான். பழைய காங்கிரீட் சுருங்க வேண்டியதையெல்லாம் எப்போதோ சுருங்கி முடித்துவிட்டது. புதுப் பூச்சு இனிமேல்தான் காய்ந்து சுருங்கப் போகிறது. இரண்டையும் இறுகப் பிடித்துக்கொள்ள நடுவில் கரடுமுரடான, சுத்தமான, ஈரம் குடித்த முகம் இல்லையென்றால், புதியது ஓரங்களில் சுருண்டு எழும்பாமல் என்ன செய்யும்? சீக்கிரம் இறுகட்டும் என்று ஈரத்தின் மேல் வெறும் சிமிண்டைத் தூவி மினுக்கினால் அந்த மேல்தோல் இன்னும் அதிகமாகச் சுருங்கி வெடிக்கும். கரணை வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று கலவையில் தண்ணீரைக் கொட்டினால், காய்ந்தபின் தரை மாவு மாதிரி உதிரும். சூளைக்காரருக்குத் தொழிற்பேட்டையில் தெரிந்த நியாயம் அவர் வீட்டு முற்றத்துக்குள் வருவதற்குள் மறந்துபோகிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வீடுகளில் பதிக்கிற டைல்ஸ் பெரும்பாலும் குஜராத்து மோர்பியிலிருந்து லாரியேறி வருகிறது. தாராளமாக வரட்டும். அதைப் பதிக்கிற அறிவையுமா மோர்பியிலிருந்து தருவிக்க வேண்டும்?

விருத்தாசலம் என்றால் பழைய மலை. முதுகுன்றம் என்பது இதன் தமிழ்ப் பெயர். பெயரில் மலை இருக்கிறதே தவிர மலைக்குளிர் இங்கே இல்லை. நிஜமான குளிர்மலைகளில், லடாக்கைப் போன்ற இடங்களில், காங்கிரீட்டுக்குள் புகுந்த தண்ணீர் உள்ளேயே உறைந்துபோகும். உறைகிற தண்ணீர் நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும். பருத்தால் தரையின் தோலை உள்ளிருந்து நெம்பித் தள்ளும். பூச்சுக்கும் தளத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு ஏமாற்றியவனுடைய வேஷம் அங்கே ஒரே பனிக்காலத்தில் கலைந்துவிடும். அப்படி அடிபட்டுத்தான் குளிர்தேசத்தார் கற்றுக்கொண்டார்கள். உறைகிற தண்ணீர் பருப்பதற்கு இடம் வேண்டுமென்று, கலவையிலேயே கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளைச் சேர்க்கிற வித்தையை 1930களில் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். நமக்குப் பனி இல்லை. பூச்சு நாலு வருஷம் நின்று ஏமாற்றுகிறது. அதனால் புத்தியும் வர மாட்டேன் என்கிறது.

ஆனால் நம் வெயில் சும்மா இருக்கிறதா? பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு காங்கிரீட் மொட்டைமாடி, விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையில் முப்பது டிகிரி சூடேறினால் சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளும். இரவில் அவ்வளவும் சுருங்கும். மேலே ஒட்டிய டைல்ஸ் அதே அளவு நீளாது. நடுவில் இடைவெளியே விடாமல் நெருக்கி ஒட்டினால், ஒரு நாள் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும். மாடித் தளத்துக்குள் கம்பி துருப்பிடித்திருந்தாலோ, கதை இன்னும் மோசம். துரு பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கிறது. அந்தப் பிளவை மூடிப் பூசுவது, சீழ் பிடித்த புண்ணுக்குச் சந்தனம் தடவுகிற காரியம்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். "ஏழைக்கு மெல்லிசான பூச்சுத்தானே கட்டுபடியாகும்?" என்பார்கள். மூன்று தடவை பூசினவர்களின் கணக்கைப் பாருங்கள், அதுதான் இருப்பதிலேயே விலை அதிகமான வைத்தியம். தளம் கெட்டியாக இருந்து, கொஞ்சம் சொரசொரப்பாக மட்டும் இருக்கிறதென்றால், அதை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுங்களேன்! கிழவிகளின் பாதத்துக்குச் சொரசொரப்பைப் போல உற்ற துணை வேறில்லை. "டைல்ஸ் துடைக்கச் சுலபம், குளிர்ச்சி" என்பார்கள். வாஸ்தவம், கூடத்திலும் அறையிலும் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் புழங்குகிற இடத்தில் கண்ணாடியைப் பரப்பாதீர்கள். சொரசொரப்பான டைல்ஸும் கடையில் இருக்கிறது. "இப்போதெல்லாம் நல்ல பசைகள் வந்துவிட்டன" என்பார்கள். வந்திருக்கின்றன, நல்ல தளத்தின் மேல் அவை நன்றாகவே பிடிக்கின்றன. ஆனால் பசை எதைத் தொடுகிறதோ அதைத்தான் பிடித்துக்கொள்ளும். தொட்டது உதிர்கிற தோலாக இருந்தால், அந்தத் தோலையும் விசுவாசமாகக் கையோடு பெயர்த்துக்கொண்டு கிளம்பும்.

சந்தையில் ஒரு ரூபாய் அகல் வாங்கினாலும் சுண்டிப் பார்த்து வாங்குகிற ஜனங்கள் நாம். சட்டி கணீரென்றால் எடுத்துக்கொள்கிறோம், பொத்தென்றால் வைத்துவிடுகிறோம். ஆயிரக்கணக்கில் செலவழிக்கப் போகிற தரையை ஒரு கட்டையால் தட்டிப் பார்க்க மாட்டோமா? எங்கே பொக்குச் சத்தம் வருகிறது, ஆணியால் கீறினால் எங்கே உதிர்கிறது, வாளித் தண்ணீரை ஊற்றினால் எங்கே தேங்குகிறது, எங்கே உள்ளே இறங்குகிறது, இதைப் பார்க்க ஒரு காலை நேரம் போதும். அதற்குப் பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு, கொத்துகிற கூலியையும், கழுவுகிற கூலியையும், ஏழு நாள் தண்ணீர் விடுகிற கூலியையும் முதலில் பேசுங்கள். மினுக்குகிற கூலியைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

பெரியம்மா வீட்டில் அப்படித்தான் செய்தோம். குழாயை மாற்றி, பள்ளத்தில் மண் நிரப்பி இறுக்கி, அந்த மூலையை மட்டும் புதிதாகப் போட்டு, மீதித் தளத்தைக் கழுவி விட்டுவிட்டோம். புதுசு ஒரு நிறம், பழசு ஒரு நிறம், பார்க்கிறவர்கள் "என்ன இப்படி விட்டுவிட்டீர்கள்?" என்று இன்னும் கேட்கிறார்கள். பெரியம்மா கம்பை ஊன்றிக்கொண்டு கிணற்றடிக்குத் தனியாகப் போய்விட்டுத் தனியாகத் திரும்பி வருகிறார். கேட்கிறவர்களுக்கு நான் அவரைத்தான் காட்டுகிறேன்.