கோச்சை மாத்திக்கிட்டே இருந்தா கப்பு வந்துடுமா? தலைவாஸ் ரசிகர்களின் பொறுமைக்கு சோதனை!

தஞ்சாவூர்:

பொங்கல் வந்துவிட்டால் டெல்டாவில் ஊருக்கு ஊர் கபடிதான். அறுப்பு முடிந்த வயலிலோ கோவில் திடலிலோ கோடு போட்டு, டியூப் லைட் கட்டி, விடிய விடிய ஆட்டம் நடக்கும். வேலைக்குப் போய்விட்டு வந்த அலுப்போடு நின்று பார்க்கிற பெரியவர்கூட, "அந்தப் பையன் காலை விட்டுட்டான், கார்னர்ல ஆளு தூங்குறான்" என்று சரியாகச் சொல்லிவிடுவார். ஆட்டம் தெரிந்த மண் இது.

இந்த மண்ணில் போய் தமிழ் தலைவாஸ் பற்றி பேச்செடுத்தால் முதலில் வருவது ஒரு பெருமூச்சு. அடுத்து வருவது, "இப்ப கோச் யாருங்க?" என்ற கேள்வி.

அந்தக் கேள்வியில் நக்கல் இல்லாமல் இல்லை. புரோ கபடி லீக்கில் தலைவாஸ் நுழைந்தது 2017ல். 2025 வரை 8 சீசன் ஆடியாச்சு. அதற்குள் பயிற்சியாளர் பொறுப்பு 5 முறை கை மாறியிருக்கிறது. பிளே ஆப் பார்த்தது ஒரே ஒரு முறை.

வந்தவர்களும் போனவர்களும்

முதலில் வந்தவர் தமிழகத்தின் கே.பாஸ்கரன். 2014ல் முதல் சீசனிலேயே ஜெய்ப்பூருக்கு கோப்பை வாங்கிக் கொடுத்தவர். தலைவாஸில் 2017, 2018 இரண்டு சீசனிலும் பிரிவில் கடைசி இடம்தான் கிடைத்தது.

2019ல் இ.பாஸ்கரன். அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சித் சில்லர் என்று பெரிய தலைகள் எல்லாம் ஒரே அணியில் இருந்தார்கள். போஸ்டர் பார்க்க அழகாக இருந்தது. முடிவு? 12 அணிகளில் 12வது இடம். சீசன் முடியும் முன்பே கோச் விலகினார். உதயகுமார் வந்தார். கொரோனா இடைவெளிக்குப் பிறகு 2021-22 சீசனில் அவருக்கு கிடைத்தது 11வது இடம்.

2022தான் வினோதமான வருஷம். ரூ.2 கோடியே 26 லட்சம் கொடுத்து பவன் ஷெராவத்தை எடுத்தார்கள். முதல் மேட்சிலேயே முழங்காலில் அடிபட்டு சீசன் முழுக்க வெளியே போய்விட்டார். அணி தடுமாறியது. பாதியில் உதயகுமார் போய் அஷன் குமார் வந்தார். அதன்பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. நரேந்தர், அஜிங்க்யா பவார், சாகர், சாஹில் குலியா, நம்மூர் எம்.அபிஷேக் என்று இளம் பசங்க சேர்ந்து அணியை அரையிறுதி வரை இழுத்துப் போனார்கள். புனேயிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோல்வி.

சரி, இனி ஏறுமுகம்தான் என்று ரசிகர்கள் நினைத்தார்கள். அடுத்த சீசனில் 9வது இடம். அஷன் குமார் காலி! மறுபடியும் உதயகுமார், கூடவே சேரலாதன். 2024லும் 9வது இடம். 2025ல் சஞ்சீவ் பாலியான்.

சேரலாதன் வந்தபோது

இந்த வரிசையில் தஞ்சாவூர் ஆட்கள் நெஞ்சில் கொஞ்சம் கூடுதலாக வலித்தது சேரலாதன் விஷயம்தான். தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டி அவரது சொந்த ஊர். 2016ல் உலகக்கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்தவர். அதே வருஷம் பாட்னா அணிக்கு கேப்டனாக இருந்து புரோ கபடி கோப்பையையும் தூக்கியவர். "நம்ம ஆளு வந்துட்டாரு" என்று டெல்டாவே சந்தோஷப்பட்டது.

ஆனால் ஒரு சீசன்தான். நம்ம ஆளு என்பதால் பொறுமை ஒரு வாரம் அதிகமாக நீடித்திருக்கலாம், அவ்வளவே! தோற்க ஆரம்பித்ததும் சேரலாதனுக்கும் அதே வசவுதான் விழுந்தது. அணியை எடுக்கிறவர்கள் யார், ஏலத்தில் முடிவு செய்கிறவர்கள் யார், இதில் கோச் சொல்வதற்கு எவ்வளவு மதிப்பு என்பதெல்லாம் டி.வி.யில் தெரியாது. தெரிகிற முகம் கோட்டுக்கு வெளியே நிற்கிற முகம் மட்டும்தான்.

பாலியான் சும்மா ஆள் இல்லை

2025ல் வந்த சஞ்சீவ் பாலியான், 2022ல் ஜெய்ப்பூரை சாம்பியன் ஆக்கியவர். அந்த அணியின் நட்சத்திரம் அர்ஜூன் தேஷ்வாலும் தலைவாஸுக்கு வந்தார். பவன் ஷெராவத் திரும்பி வந்து கேப்டன் ஆனார். ஆகஸ்ட் 29ந்தேதி விசாகப்பட்டினத்தில் தொடக்க மேட்சில் தெலுங்கு டைட்டன்சை வென்றதும் "இந்த தடவை விட மாட்டோம்" என்று குதிக்காதவர்கள் இல்லை.

பிறகு என்ன? சீசன் நடுவில் பவன் வெளியே. ஒழுங்கு பிரச்சினை என்றது அணி, இல்லை என்றார் பவன். பாரம் முழுக்க அர்ஜூன் தலையில் விழுந்தது. முதல் 8 இடங்களுக்குள் வந்தாலே அடுத்த சுற்று உண்டு என்று இருந்தும் தலைவாஸ் உள்ளே வரவில்லை. குறுவை அறுப்பு நேரத்தில் தொடங்கிய நம்பிக்கை, சம்பா நடவு முடிவதற்குள் போய்விட்டது.

கேப்டனே பாதியில் போன ஒரு சீசனை வைத்து கோச்சுக்கு மார்க் போடுவது நியாயமா? நியாயம் இல்லைதான். ஆனால் 8 வருஷமாக ஏமாந்தவனிடம் போய் "இது புது கோச்சோட முதல் வருஷம்" என்று சொன்னால் எப்படி எடுபடும்? அவருக்கு முதல் வருஷம், ரசிகனுக்கு எட்டாவது வருஷம் ஆச்சே!

மத்த ஊர்ல என்ன செய்றாங்க?

அரியானா ஸ்டீலர்ஸ் கதையைப் பாருங்கள். 2022ல் மன்பிரீத் சிங் கோச்சாக வந்தார். அந்த சீசனில் பிளே ஆப் இல்லை. அவரை அனுப்பவில்லை. அடுத்த சீசனில் பைனல் வரை போய் தோற்றார்கள். அப்போதும் அனுப்பவில்லை. 2024ல் பாட்னாவை 32-23 என்று அடித்து கோப்பையை தூக்கினார்கள். பெங்களூருவில் ரந்தீர் சிங் முதல் சீசனிலிருந்து இருந்தார், கோப்பை வந்தது ஆறாவது சீசனில். கடைசியில் 2024ல் அணி அடிமட்டத்துக்குப் போன பிறகுதான் அவர் விலகினார்.

இதை அப்படியே நம்பிவிடவும் முடியாது. தலைவாஸின் ஒரே நல்ல சீசன், கோச்சை பாதியில் மாற்றிய சீசன்தானே? "மாத்தினதாலதான் ஜெயிச்சாங்க" என்று வாதாடுபவர்களுக்கு அது பெரிய ஆதாரம். ஆனால் அந்த அணியை நிமிர்த்தியது கோச் மட்டும் இல்லை. பெரிய ஸ்டார் வெளியே போனதால் வாய்ப்பு கிடைத்த நரேந்தர் ரெய்டில் 243 புள்ளி எடுத்தார். தடுப்பாட்டத்தில் சாகரும் சாஹிலும் இரண்டு கார்னரிலும் ஒருவரை ஒருவர் புரிந்து பிடித்தார்கள். கபடியில் 'புடி' என்பது ஒரு நாளில் வருவதில்லை. பக்கத்தில் நிற்பவன் எப்போது பாய்வான் என்று தெரிய வேண்டும். வருஷா வருஷம் ஆளை மாற்றினால், கோச்சை மாற்றினால், அது எங்கிருந்து வரும்?

கிராமத்து டீம்களில் இது எல்லோருக்கும் தெரியும். ஏழெட்டு வருஷம் ஒன்றாக ஆடிய பசங்க டீமை, வெளியூரிலிருந்து காசு கொடுத்து கூட்டி வந்த டீம் லேசில் ஜெயிக்க முடியாது. அங்கே தோற்றால் சத்தம் போடுவார்கள், ஆனால் அடுத்த ஞாயிறு அதே வாத்தியார், அதே பசங்க.

வடுவூர் பையன்

அணியில் நம்ம பசங்க எத்தனை பேர் என்பதும் ரசிகர்களின் பொறுமையோடு சேர்ந்த விஷயம்தான். தெரிந்த முகம் நாலு இருந்தால் தோல்வியைக்கூட தாங்கிக்கொள்வார்கள். 2025 அக்டோபரில் தலைவாஸ் ஒரு பக்கம் வெளியேறிக்கொண்டிருக்க, பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்திய கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் இருந்த அபினேஷ், திருவாரூர் மாவட்டம் வடுவூர் பையன். தமிழக அரசு ரூ.25 லட்சம் கொடுத்து பாராட்டியது.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற ரோட்டில்தான் வடுவூர் இருக்கிறது. கபடி கோடு போடாத நாள் அங்கே குறைவு. "அபினேஷை தலைவாஸ் எப்ப எடுப்பாங்க?" என்பதுதான் இப்போது அந்தப் பக்கம் கேட்கிற கேள்வி. கோச் யாரா இருந்தா என்ன?