பழைய பேரிங்கைக் கொடுங்க!

அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் காருக்குள் 'ம்ம்ம்...' என்று ஒரு சத்தம். முதலில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துச் சமாளித்தேன் (நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்). திண்டிவனம் போய்த் திரும்புவதற்குள், காது சரியாகக் கேட்காத என் மாமியாரே "என்ன மாப்ளே, ஏதோ கத்துதே" என்று கேட்டுவிட்டார்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஏ.சி. ஹால், காபி மெஷின், டை கட்டிய தம்பி. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "டயர் நாய்ஸ் சார். பின்னாடி ரெண்டையும் மாத்திடலாம்" என்றார். மாற்றினேன். ஒன்பதாயிரத்துச் சொச்சம். சத்தம் போகவில்லை. மறுபடி போனால், "வீல் பேரிங் சார். ரெண்டு பக்கமும் டிரம்மோட சேர்த்து மாத்தணும். பிரேக் ஷூவும் போட்டுடலாம்" என்று பதினெட்டாயிரத்துக்கு ஒரு எஸ்டிமேட். அப்ப அந்த டயர்? "அதுவும் தேய்ஞ்சுதான் சார் இருந்துச்சு."

நான் பி.காம். எனக்கு இன்ஜினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் வவுச்சர் இல்லாமல் செலவு எழுதக் கூடாது என்று தெரியும். "பழைய டயரைக் காட்டுங்க" என்றேன். "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்." என் காசில் வாங்கிய என் டயர், என்னைக் கேட்காமலே போய்விட்டது!

வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் வந்தேன். ஜாக்கி போட்டுப் பின்சக்கரத்தைத் தூக்கினார். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இன்னொரு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்தார். "சார், நீங்களே கை வச்சுப் பாருங்க." வைத்தேன். மிக்ஸியில் கல் மாட்டிக்கொண்ட மாதிரி நறநறவென்று கைக்குத் தெரிந்தது. இடது பக்கம் வெண்ணெய். போனது வலது பேரிங் மட்டும்தான். பத்து நிமிஷ வேலை.

டயர் சத்தமும் பேரிங் சத்தமும் ஒரே மாதிரி இருக்கும், தப்பாகக் கணிப்பது சகஜம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டினாலே போதுமாம். சத்தம் இடம் மாறினால் டயர். மாறாவிட்டால் பேரிங். இடதுபுறம் வளையும்போது சத்தம் கூடினால் எடை ஏறுகிற வலதுபக்கத்தைச் சந்தேகப்படலாம். இந்தச் சோதனையெல்லாம் ஏன் நடக்கவில்லை? சோதித்ததற்கு பில் போட முடியாது. டயருக்குப் போடலாம்.

உடனே தெருமுனை மெக்கானிக்கெல்லாம் மகாத்மா என்று கிளம்பிவிடாதீர்கள். அங்கே வேறு வில்லங்கம். பேரிங்கில் வெளி வளையம், உள் வளையம், நடுவே குண்டுகள். டிரம்முக்குள் உட்கார வைக்கும்போது வெளி வளையத்தை மட்டும்தான் அழுத்த வேண்டும். சுத்தியலால் உள் வளையத்தில் ஓங்கி அடித்தால் அடி முழுக்கக் குண்டுகள் வழியாக இறங்கி, அவை ஓடுகிற பாதையில் குழி விழுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழியால் சில மாதங்களில் அதே 'ம்ம்ம்'. என்னுடைய மெக்கானிக் டிரம்மைக் கழற்றி, பிரஸ் இருக்கிற லேத் பட்டறைக்கு எடுத்துப் போனார். எத்தனை பேர் போகிறார்கள்?

அப்புறம் போலி. ஜி.பி. ரோட்டில் நல்ல கடைக்கும் குறைச்சலில்லை, ஆனால் பெரிய பிராண்டு பெயரை அட்டைப்பெட்டியில் அச்சடிப்பது யாருக்கும் கஷ்டமில்லை. போலிகளை எதிர்த்து உலக அளவில் பேரிங் கம்பெனிகளே சேர்ந்து பிரசாரம் செய்கிற அளவுக்கு இது பெரிய வியாபாரம். நானூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிற சமாசாரம் இல்லை இது. பேரிங் முழுசாகப் போனால் சக்கரம் ஆடும். ரொம்பவும் முற்றினால் சக்கரமே கழன்றுவிடலாம். பின்சீட்டில் உட்காருவது யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் பாகமும் ரிப்பேர் கையேடும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைத்தால் பாதிப் பிரச்னை தீரும். அதைக் கிடைக்கவிடாமல் செய்ததற்காகத்தான் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? அப்பீலுக்குப் போனார்கள். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஓர் இணையதளம் திறந்தது. கார்களும் அதில் உண்டு. நல்ல விஷயம். ஆனால் சர்வீஸ் கவுன்டரில் நிற்கும்போது நமக்காகப் பேச தில்லியிலிருந்து யாரும் வரப்போவதில்லை. வாய் இருந்தும், 'கேட்டால் கஞ்சன் என்று நினைப்பானோ' என்று நாம்தான் கூச்சப்படுகிறோம். கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற நமக்குப் பதினெட்டாயிரம் ரூபாயில் மட்டும் என்ன பெருந்தன்மை?

வண்டியை விடும்போதே ஜாப் கார்டில், 'கழற்றும் பழைய பாகங்கள் எல்லாம் எனக்கு வேண்டும்' என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாரன்டியில் மாற்றும் பாகங்களைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவார்கள், அது நியாயம். மற்றதெல்லாம் உங்கள் சொத்து. பில்லில் பாகத்துக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பில்லே தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

போன மாதம் ஆயில் மாற்ற அதே ஏ.சி. ஹாலுக்குப் போனேன். அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டை கட்டிய தம்பி இரண்டு தடவை படித்தார். உள்ளே போனார். காபி ஆறுவதற்குள் திரும்பி வந்து சொன்னார்: "சார், அந்த பிரேக் ஷூ இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடுமாம்."